தன் பக்கம் பேசாத தலைவர்

எங்க கோயில் சங்கத்துக்கு அவர் தலைவரா இருக்கிற ஆறு மாசமும் அவருக்கு டீ கொடுக்கிறது ஒரு பெரிய தொல்லை. "சீனி கூடவா, பால் கூடவா சயா?"ன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டாரு. "மத்தவங்களுக்கு எப்படியோ அப்படியே"ம்பாரு. கூட்டத்துல ஆளுக்கு ஒரு விதமா டீ கேட்டு வாங்கியிருப்பாங்க. இவருக்குக் கடைசியில எது மிஞ்சுதோ அது. ஆறி ஏடு படிஞ்சிருந்தாலும் குடிச்சிட்டுக் கோப்பையை ஓரமா வைப்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். மனுஷன்னு பொறந்தா ஒரு ருசி வேணாமா?

சயான்னா பர்மாவுல வாத்தியாருக்கும் சொல்றது, படிச்ச ஆம்பளைக்கும் சொல்றது. இவரு வாத்தியார் இல்ல. ஐரோப்பா தேசங்க எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டு வச்சிருக்கே, அவங்க சம்பந்தப்பட்ட ஒரு ஆபீஸ்ல மொழிபெயர்க்கிற உத்தியோகம். இங்கிலீஷ்ல வர்றத பர்மியத்துல எழுதித் தரணும். வீட்டுல தமிழ், வெளியில பர்மியம், ஆபீஸ்ல இங்கிலீஷ்னு மூணையும் வச்சுப் பொழைச்ச மனுஷன்.

எங்க கடை ரங்கூன்ல பபேடான் கடைத்தெருவுல. பருப்பு, மசாலா, அப்பளம், பெருங்காயம். அவரு வீடு மிங்கலா தாங்ஞுன்ட்ல, ரயில் லைனை ஒட்டி. பஸ் மாறுறதுக்கு எங்க கடைப் பக்கம்தான் இறங்கணும். இறங்கினா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு ஐரோப்பா கதை. எங்க வீட்டுக்காரரு வியாபாரத்தை விட்டுட்டு வாயப் பொளந்துக்கிட்டுக் கேப்பாரு. நான் மிளகாய் நிறுத்துக்கிட்டே கேப்பேன்.

"அங்க தலைமை ஒரே ஆள்கிட்ட இருக்காது தங்கச்சி. ஒரு தேசத்துக்கு ஆறு மாசம். பெரிய தேசமானாலும் ஆறு மாசம். நம்ம ரங்கூன்ல பத்துல ஒரு பங்கு ஜனம் இல்லாத தேசமானாலும் ஆறு மாசம்."

"ஆறு மாசத்துல என்னத்தக் கிழிப்பான்?"

"ஒருத்தனால கிழிக்க முடியாது. அதான் விஷயம். அடுத்தடுத்து முறை வர்ற மூணு தேசமும் முன்னாலயே ஒண்ணா உக்காந்துரும். ஒன்றரை வருஷத்துக்கு எது முக்கியம், எது அப்புறம்னு பேசி முடிச்சிரும். நடுவுல நாற்காலி கைமாறும். வேலை மாறாது."

அந்த ஒன்றரை வருஷ சமாச்சாரத்தை மொழிபெயர்க்கிறதுன்னா அவருக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி. குளிருக்கு எரிவாயு எங்கேருந்து வாங்குறது, எல்லையில யாரைக் காவல் வைக்கிறது, பயிர் வைக்கிறவனுக்கு என்ன பண்றது, கடல் பொங்கினா எங்க போறதுன்னு ஒவ்வொண்ணா சொல்லுவாரு. "அதுல நம்ம ஊர் பேர் வருதா சயா?"ன்னு ஒருநாள் கேட்டேன். "வரல." "அப்புறம் உங்களுக்கு என்ன இத்தனை சந்தோஷம்?" "அவங்க வீட்டு விஷயத்துல நம்ம பேர் எதுக்கு வரணும்? அவங்க வீடு நடத்துற விதம் நல்லாருக்கு. அதைச் சொன்னேன்."

அதுலயும் அவருக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருந்துச்சு. தலைமை நாற்காலியில உக்காந்தவன் தன் தேசத்துக்காகப் பேசக்கூடாதாம். அவன் தேசத்துக்குன்னு வேற ஆள் கூட்டத்துல தனியா உக்காந்திருப்பானாம். கேக்கிறது, சண்டை போடுறது எல்லாம் அவன் பாடு. தலைவன் எல்லாருக்கும் பொது. இதைச் சொல்றப்ப அவரு குரலே மாறிப்போகும். சாமி வந்தவர் மாதிரி ஆயிருவாரு.

எங்களுக்கும் ஒரு கூட்டு இருந்துச்சு. ரங்கூன்ல நாலு சின்னக் கோயில் சேர்ந்த சங்கம். க்யிம்யிண்டைங்ல படகுத்துறை மாரியம்மன், அது எங்களுது. ரயில் லைன் முனீஸ்வரன் அவரோடது. முனிசிபல் லைன்ல காளி. பபேடான் கடைத்தெருவுல பிள்ளையார். துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் முனிசிபாலிட்டிக்கும் வேலைக்கு வந்தவங்க அவங்கவங்க லைன்ல கட்டிக்கிட்ட கோயில்தான் எல்லாம். நாலு கோயிலுக்கும் பொதுவா ஒரு வண்டி. ஆஸ்பத்திரிக்கும் அதுதான், சுடுகாட்டுக்கும் அதுதான். சங்கத்துத் தலைமை கோயிலுக்கு ஆறு மாசம், ஜனவரியில ஒரு முறை, ஜூலையில ஒரு முறை கைமாறும். இது ஐரோப்பாவைப் பாத்து வச்சதில்ல. எந்தக் கோயிலும் இன்னொரு கோயிலை ஒரு வருஷம் முழுசா நம்பாது, அதனால வச்சது.

ஒவ்வொரு முறையும் கூத்துதான். எங்க ஆளுங்க வந்தா வண்டியில மாரியம்மன் படம். ரயில் லைன்காரங்க வந்தா இருக்கிற படத்தை அழிச்சிட்டு அருவாளோட முனீஸ்வரன். ஏத்தின நோயாளி அந்த அருவாளைப் பாத்தே பாதி செத்திருப்பான். படம் மாறுறதோட விட்டாங்களா? டிரைவர் மாறுவான், அவன் புதுத் தலைவரோட மச்சானா இருப்பான். போன் நம்பரும் மாறும். அப்படி மாறின ஒரு ஜனவரியிலதான் காளி கோயில் லைன்ல ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துச்சு. பழைய நம்பருக்குக் கூப்பிட்டாங்க. போன முறைத் தலைவர் வீட்ல எடுத்து, "இப்ப எங்க முறை இல்ல"ன்னு வச்சிட்டாங்க. புது நம்பர் யாருக்கும் தெரியல. பிள்ளை சைக்காவுல பொறந்துச்சு. சைக்கான்னா ஆள் மிதிக்கிற மூணு சக்கர வண்டி. தாயும் பிள்ளையும் பொழைச்சது அம்மன் புண்ணியம்.

அதுக்கடுத்த கூட்டத்துல சயா எழுந்தாரு. இனிமே மூணு முறைக்காரங்க ஒண்ணா உக்காந்து ஒன்றரை வருஷத்துக்கு முக்கியமானது எதுன்னு முடிவு பண்ணணும், யாரு நாற்காலிக்கு வந்தாலும் அதை மாத்தக் கூடாது, நாற்காலியில இருக்கிறவரு தன் கோயிலுக்காக வாயத் திறக்கக் கூடாது, அதுக்கு வேற ஆளை வைக்கணும்னாரு. எங்க வீட்டுக்காரரு, "விட்டா நாளைக்கு முனீஸ்வரனுக்குக் கோட்டு சூட்டு மாட்டிருவீங்க"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா சைக்காவுல பிள்ளை பெத்தவளோட மாமனார் அங்க உக்காந்திருந்தாரு. அவரு சிரிக்கல. அவரு முகத்தைப் பாத்துத்தான் ஒத்துக்கிட்டாங்க.

வண்டி வெள்ளையாச்சு. ஒரே நம்பர், ஒரே டிரைவர். இன்னிக்கும் அப்படித்தான் ஓடுது.

சயா சாது, வாயில்லாப் பூச்சின்னு நினைச்சிராதீங்க. நாற்காலியில இல்லாதப்ப அந்த மனுஷன் போடுற கூச்சல் இருக்கே! ரயில் லைன் கோயில் கூரைக்கு ஒரு தகரம் குறைஞ்சாலும் மேசையக் குத்துவாரு. ஊர்வலத்துல முனீஸ்வரன் பின்னால போகணும்னு யாராவது சொல்லிட்டா அவ்வளவுதான். முதல் தடவை கொரோனா காய்ச்சல் பரவி அடங்கின கையோட அடுத்த ஒன்றரை வருஷத்துக்கு முக்கியம் எதுன்னு பேச்சு வந்துச்சு. எங்க தேருக்குச் சக்கரம் மாத்தணும்னு நாங்க கேட்டோம். அவரு குறுக்க விழுந்து, ஆக்ஸிஜன் சிலிண்டர்தான் முதல்ல வேணும்னு நின்னாரு. "எங்க அம்மன் நொண்டித் தேர்ல போகணுமா?"ன்னு நானே எழுந்து கத்தினேன். "அம்மன் நடந்து போவா. மூச்சு நின்னவன் நடப்பானா?"ன்னு அவரு என்னைவிடச் சத்தமா கத்தினாரு. மூணு சிலிண்டர் வந்துச்சு. தேர் அப்படியே கிடந்துச்சு. நான் ஒரு மாசம் அவருக்குக் கடையில ஸ்டூல் போடல.

இதே மனுஷன்தான் முறை வந்துட்டா வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி ஆயிருவாரு. அவரு சம்சாரம், அந்த அக்கா, ஒரு தடவை கடைக்கு வந்து சொல்லிச் சிரிச்சிருக்காங்க. கன்னம் ரெண்டுலயும் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கிட்டு, நல்ல உசரமா, கணீர்னு பேசுற அக்கா. "வீட்டுலயும் முறை வச்சிருக்காரும்மா. ஆறு மாசம் இவரு, ஆறு மாசம் நானு. இவரு முறையில என்ன சமைக்கன்னு கேட்டா, எனக்காக நானே சொல்லக்கூடாதும்பாரு. சரிதான் போன்னு தினம் பாகற்காயா ஆக்கிப் போட்டேன். ஒருநாள் முகம் சுளிச்சாரு. தலைவர் முகம் சுளிக்கலாமான்னு கேட்டேன். அழுத பிள்ளைக்குத்தான் பால், இவரு அழவே மாட்டாரு." முந்தானையை வாயில வச்சு அடக்க முடியாம சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அரைக் கிலோ உளுந்து வாங்கிட்டுப் போனாங்க.

அப்புறம் பட்டாளம் ஆட்சியை எடுத்துக்கிட்ட அந்தப் பிப்ரவரி வந்துச்சு. ஆபீஸ்ல வேலை குறைஞ்சு, இவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பஸ் மாற வேண்டிய அவசியம் இல்லாததால கடைப்பக்கம் வர்றதும் நின்னுபோச்சு. ஜூலையில ரயில் லைன் கோயில் முறை. அவருதான் தலைவர். நாற்காலியில உக்காந்த வாரமே காய்ச்சல் மறுபடி ஊருக்குள்ள வந்துச்சு.

அந்த மாசத்தைப் பத்திச் சொல்லச் சொன்னா என்கிட்ட சொல்றதுக்கு அதிகமில்ல. சோறு வேணும்னா வாசல்ல வெள்ளைத் துணி, மருந்து வேணும்னா மஞ்சத் துணி கட்டச் சொன்னாங்க. கட்டினாங்க. ஆக்ஸிஜன் நிரப்புற இடத்துல சிலிண்டரை வரிசையில நிறுத்திட்டுப் பக்கத்துலயே ஜனம் படுத்துக் கிடந்துச்சு. எங்க வண்டி போறது தெரியும், வர்றது தெரியும். யாருன்னு கேக்கிறதை விட்டுட்டோம். காலையில எழுந்தா பல் விளக்குறோம், அரிசி களையுறோம். உடம்பு தானா செய்யுது. பயம்கூட ஒரு கட்டத்துக்கு மேல வரல.

தினம் மத்தியானம் நாலு கோயில்காரங்களும் ஒரே போன்ல சேர்ந்து பேசுவாங்க. ஒவ்வொரு கோயிலுக்கும் பேசுற ஆள் அவங்க பக்கம் யாருக்கு மூச்சு மோசம்னு சொல்லணும். விரல்ல மாட்டுற மெஷின்ல எவ்வளவு காட்டுதுன்னும் சொல்லணும், நம்பர் குறையக் குறைய மோசம். யாருக்கு ரொம்ப மோசமோ அவங்களுக்குச் சிலிண்டர். முடிவு சொல்றது தலைவர். எங்க கோயிலுக்குப் பேசுறது எங்க வீட்டுக்காரரு. அவரே படுத்துட்டாரு. மூச்சு வாங்குறப்ப நெஞ்சுக்குழி உள்ள போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. அதனால அன்னிக்குப் போனை நான் எடுத்தேன்.

ரெண்டு சிலிண்டர் வேற வீடுகள்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு. நிரப்பி வந்தது ஒண்ணே ஒண்ணு. காளி கோயில்காரரு, "எங்களுக்குக் காலையில வேணும்னு இருந்துச்சு, இப்ப வேணாம்"னாரு. யாரும் ஏன்னு கேக்கல. பிள்ளையார் கோயில்ல அன்னிக்கு யாரும் இல்ல. நான், "எங்க வீட்டுக்காரருக்கு வேணும் சயா, எண்பத்தி ரெண்டு காட்டுது"ன்னேன்.

"ரயில் லைன் பக்கம் யாரும் உண்டா?"ன்னு அவரு கேட்டாரு. அவங்களுக்குப் பேச வேண்டியது ஒரு வெல்டர் தம்பி. சத்தம் இல்ல. மறுபடியும், "ரயில் லைன், யாரும் உண்டா?"ன்னாரு. ஒண்ணும் வரல. அவரு போனுக்குப் பின்னால ஒரு இருமல் விடாம கேட்டுச்சு. அந்த மாசம் யாரு போன்ல பேசினாலும் பின்னால ஒரு இருமல் இருக்கும். நான் அதைக் காதுல போட்டுக்கல.

அப்புறம், "அப்ப படகுத்துறைக்கு"ன்னாரு. எப்பவும் பேசுற அதே குரல்.

சிலிண்டர் வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு பொழைச்சாரு. ரெண்டு நாள் கழிச்சு காலி சிலிண்டரை எடுக்க வந்த டிரைவர்தான், "சயா வீட்டு அக்கா போயிட்டாங்க, தெரியாதா?"ன்னான். எங்களுக்குச் சிலிண்டர் வந்த மறுநாள் விடியக் காலம் போயிருக்காங்க. அந்த வண்டியிலதான் கொண்டு போயிருக்கான். வெல்டர் தம்பி அன்னிக்குப் போனைத் தூக்கத் தெம்பில்லாம கிடந்தானாம். அவனும் காய்ச்சல்.

எனக்கு அழுகை வரல. கோபம்தான் வந்துச்சு. போனைப் போட்டேன்.

"அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பேச வேண்டிய ஆள் வரல தங்கச்சி."

"நீங்க இருந்தீங்கல்ல!"

"நான் நாற்காலியில இருந்தேன்."

"நாற்காலியாம் நாற்காலி! அதைக் கொண்டு போய் அடுப்புல வைங்க! பக்கத்துலதானே அக்கா படுத்துக் கிடந்தாங்க? அவங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டா."

போனை யாரு முதல்ல வச்சதுன்னு ஞாபகம் இல்ல. உள்ள எங்க வீட்டுக்காரரு கஞ்சி கேட்டாரு. போய்க் கொடுத்தேன். சயா சொல்லியிருந்தா நான் அந்தச் சிலிண்டரை விட்டுக் கொடுத்திருப்பேனான்னு கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியல. அவரு கேக்காததால நான் அதுக்குப் பதில் சொல்ல வேண்டி வரல. அதுக்காக அவரைக் கும்பிடணும்னும் தோணுது, கன்னத்துல ஒண்ணு விடணும்னும் தோணுது.

ஊருல பாதிப்பேர் தர்மராஜான்னாங்க. மீதிப்பேர், தனக்குப் போகத்தானே தானம், பொண்டாட்டியைக் கொன்னுட்டானேன்னாங்க. அவரு மக மலேசியாவுல இருந்தா. விஷயம் தெரிஞ்சதும் அப்பாகிட்ட பேச்சை நிறுத்திட்டா. ரெண்டு வருஷம் கழிச்சு அவளே வந்து கூட்டிட்டுப் போனா. இப்ப அங்கதான் இருக்காராம். எங்களுக்குப் போன் பண்றதில்ல, நாங்களும் பண்றதில்ல.

அவரு முறை முடியிற வரைக்கும், டிசம்பர் கடைசி வரைக்கும், ஒருநாள் தவறாம மத்தியானம் போன்ல வந்தாரு. ஒவ்வொரு கோயிலா கேப்பாரு, முடிவு சொல்வாரு, வைப்பாரு. குரல் ஒருநாளும் உடையல. அக்டோபர் வாக்குல காய்ச்சல் குறைஞ்சது. டிசம்பர்ல மூணு சிலிண்டரும் நிறைஞ்சு பிள்ளையார் கோயில் மடத்து மூலையில சும்மா நின்னுச்சு.

ஜனவரியில அங்கதான் கைமாத்துற கூட்டம். ரொம்ப நாள் கழிச்சு நேர்ல கூடினோம். அடுத்த முறை எங்களுது. எங்க வீட்டுக்காரருதான் தலைவர். பாதி உடம்பா இருந்தாரு, நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். சயா வண்டிச் சாவியை அவரு கையில கொடுத்தாரு. நாற்காலியை விட்டு எழுந்தாரு. போய் ரயில் லைன்காரங்க பக்கம் பாயில உக்காந்தாரு. வெல்டர் தம்பி பொழைச்சு வந்திருந்தான். அவரு முகத்தைப் பாக்க முடியாம நகர்ந்து இடம் விட்டு, "இனிமே நம்ம கோயிலுக்கு நீங்களே பேசுங்க சயா"ன்னான்.

அடுத்த மூணு முறைக்கு யாருக்கு எது முக்கியம்னு சொல்லச் சொன்னாரு எங்க வீட்டுக்காரரு. காளி கோயில்காரங்க கூரைன்னாங்க. பிள்ளையார் கோயில்காரங்க இன்னொரு டிரைவர் வேணும்னாங்க. அப்புறம் எல்லாரும் சயா பக்கம் திரும்பினாங்க. ஆறு மாசம் அடக்கி வச்சதெல்லாம் வரும், மேசையக் குத்தப் போறாருன்னு நினைச்சோம். எனக்குக்கூட அந்தக் கூச்சலைக் கேட்டா தேவலைன்னு இருந்துச்சு.

எழுந்தாரு. கைலியைச் சரி பண்ணிக் கட்டினாரு.

"ரயில் லைன் கோயில் சார்பா பேசுறேன். ஒரு சிலிண்டர் வேணும். மெஷின்ல எழுபத்தி நாலு காட்டுது. எங்க வீட்டுக்காரம்மாவுக்கு. கொஞ்சம் அவசரம்."

சொல்லிட்டு உக்காந்துட்டாரு. முகத்துல ஒண்ணும் இல்ல. வெல்டர் தம்பி முழங்கால்ல தலையைக் கவுத்துக்கிட்டான். எழுபத்தி நாலு. நான் சொன்னது எண்பத்தி ரெண்டு. எங்க வீட்டுக்காரரு என்னைப் பாத்தாரு. மூச்சு வாங்கிக்கிட்டே எழுந்து நின்னாரு. "ரயில் லைனுக்கு"ன்னாரு.

டிரைவரும் வெல்டர் தம்பியும் மூலையில இருந்து ஒரு சிலிண்டரைத் தூக்கினாங்க. நல்ல கனம். சயா எழுந்து அவங்களுக்கு முன்னால போய், இடிக்காம பாத்து வாங்கன்னு சொல்லிக்கிட்டே, கதவை அகலமாத் திறந்து பிடிச்சுக்கிட்டாரு.